பவித்ராவின் ரிசப்ஷனுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

இசைக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செல்லங்களே,

போன வாரம் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீங்கள் போட்ட சண்டையை எதிர்வீட்டு அம்மா சொத்துத் தகராறு என்று நினைத்துவிட்டார். மேடைக்கு எந்த லேப்டாப் கம்ப்யூட்டர் வாங்குவது, அதில் எந்த சிஸ்டம் போடுவது என்பதுதான் தகராறு என்று நான் விளக்கியபோது அவருக்குப் பெரிய ஏமாற்றம். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நீங்களும் "மெர்சி அக்கா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டு, தட்டில் இருந்த முறுக்கையும் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போனவளை நிம்மதியாக இருக்க விடுகிறீர்களா?

சரி, சொல்கிறேன். ஆனால் மெமரி எத்தனை, பிராசசர் எது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதைக் கடைக்காரரே மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நான் சொல்லப்போவது ஒரு ரிசப்ஷன் கதை. அதைக் கேட்டுவிட்டு எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள்.

அப்போது குழுவை நடத்தியவர் மாஸ்டர். இப்போது மகனோடு மெட்ராஸில் இருக்கிறார். பெயரை எழுதினால் "என்னை எதுக்கு இதுல இழுக்கறீங்க" என்று போன் போட்டுச் சண்டை பிடிப்பார், அதனால் மாஸ்டர் என்றே இருக்கட்டும். டோலக் வாசிப்பார், வண்டி பேசுவார், பாட்டு வரிசை போடுவார், தாலி கட்டுவது தவிர ஒரு கல்யாணத்தில் மற்ற எல்லா வேலையும் செய்வார். மேடையில் பதற்றம் வந்தால் அவரைப் பார்த்தால் போதும், சிரித்துக்கொண்டே வாசிப்பார். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி அந்தச் சிரிப்பிலிருந்துதான். மீதிப் பாதி அவர் செய்த கூத்துகளிலிருந்து.

முதல் கூத்து வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் நடந்தது. எங்கள் பாடகி பவித்ரா ஒரு மெல்லிய பாட்டைக் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். ஹாலே சொக்கிக் கிடந்தது. மாஸ்டர் அடுத்த பாட்டைத் தேடிக் கம்ப்யூட்டரில் எதையோ எட்டி அழுத்தினார். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் அவருடைய மனைவியின் குரல் கணீரென்று வந்தது. "எங்க இருக்கீங்க? வர்றப்ப ஜல்தியா இட்லி அரிசி வாங்கிகினு வாங்க, ஊற வெக்கணும்." மனுஷர் தன் போன் மெசேஜ்களை எல்லாம் மேடைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்திருந்தார். நிச்சயதார்த்த மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் மாலை அறுந்துபோனது. பாவம் பவித்ரா, அடுத்த வரியை எடுக்க முடியாமல் மைக்கைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அன்றிலிருந்து மேடைக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது, மெசேஜ் கிடையாது, மச்சான் மகனுடைய வேலை விண்ணப்பம் கிடையாது, சினிமா கிடையாது. அதற்கு உறவினர்களே இருக்கக்கூடாது. இதை மட்டும் கேள்வி கேட்காமல் பின்பற்றுங்கள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரும் அதற்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புதிது வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பவித்ராவுக்குக் கல்யாணம் கூடியது.

மாப்பிள்ளை தினேஷ் சேத்துப்பட்டுக்காரன், மெட்ராஸில் சாப்ட்வேர் வேலை. எங்கள் கச்சேரி ஒன்றில் அவளைப் பார்த்துவிட்டு, அப்புறம் நாங்கள் எங்கே வாசித்தாலும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவன். தங்கமான பிள்ளை. அவனுடைய அம்மாவுக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு மேடையில் பாடக்கூடாது. ஏன் என்று தினேஷ் எத்தனையோ விதமாகக் கேட்டும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். மேடை ஏறுகிற பெண் என்றால் யோசிக்கிற பழைய காலத்து மனுஷி என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு அவரைத் திட்டித் தீர்த்தோம்.

பவித்ரா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தினேஷும் வேணும்க்கா, பாட்டும் வேணும்க்கா. ஒண்ண விட்டுட்டு ஒண்ணு வெச்சிக்கச் சொன்னா நான் இன்னா பண்றது?" என்றாள். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் குழுவுக்கு வந்தவள். அவள் பாடாத ஒரு வாரத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் தினேஷ்தான் வழி கண்டுபிடித்தான். ரிசப்ஷனில் நம் குழுவே வாசிக்கட்டும், பவித்ராவும் பாடட்டும், அம்மா எதிரில் உட்கார்ந்து முழுசாகக் கேட்கட்டும், மனம் மாறும் என்றான். அந்த அம்மாவும், "பாடட்டும். அதோட சரி" என்று சம்மதித்தார். ஆக அந்த ஒரு மாலைதான். அதில் அந்த அம்மாவின் மனம் மாறினால் பவித்ரா பாடகி, மாறாவிட்டால் அது அவளுடைய கடைசிக் கச்சேரி.

மாஸ்டர் இதைக் கேட்டதும் டோலக்கைக் கீழே வைத்துவிட்டார். "சம்பந்தியம்மா அசந்து போயிடணும் மெர்சிம்மா. சினிமா ரெக்கார்டிங் மாதிரி கேக்கணும். புது கம்ப்யூட்டர் வாங்கறோம்" என்றார்.

இங்கேதான் உங்கள் சண்டை அன்றைக்கே நடந்தது. எங்கள் குழுவில் யாரும் சிஸ்டங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரெல்லாம் இருக்கிறதே அது ஜன்னல். மூடியில் பழம் போட்டு வருகிற விலை உயர்ந்தது பழம். பெங்குவின் படம் போட்டு இலவசமாகக் கிடைப்பது பறவை. மாஸ்டருக்குப் பழம்தான் வேண்டும். காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? மேடையில் பார்ப்பவர்களுக்கு மூடி பளபளவென்று தெரிய வேண்டுமாம். சவுண்ட் பார்க்கிற ரஹீம் பாய்க்கு ஜன்னல். "பழம் ரிப்பேர் ஆச்சின்னா மெட்ராஸுக்குத் தூக்கிகினு ஓடணும் மாஸ்டர், ஒரே பேஜாரு. ஜன்னல்னா பஸ் ஸ்டாண்ட் எதிர்லயே ஆள் இருக்கான்" என்றார். மாப்பிள்ளை தினேஷோ பறவைக் கட்சி. நாம் சொன்னதை மட்டும் செய்யும், தானாக எதையும் செய்யாது, நடுவில் நின்று எதையும் கேட்காது என்று அவன் அதை வர்ணித்த விதத்தில் பவித்ராவுக்கே கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது.

மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்க, நான் ஒரு கேள்விதான் கேட்டேன். நம்முடைய சத்தங்கள் எல்லாம் இப்போது எங்கே குடியிருக்கின்றன? நாதஸ்வரம், தவில், உறுமி, ஷெனாய் என்று வருஷக்கணக்காக நாங்களே ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து சேர்த்தவை அத்தனையும் ஒரு மென்பொருளுக்குள் இருந்தன. அந்த மென்பொருள் ஜன்னலில் மட்டும்தான் திறக்கும். வீட்டை வாங்கிவிட்டு, குடித்தனக்காரர் உள்ளே வர முடியாது என்றால் அந்த வீடு எதற்கு? ஜன்னலே வாங்கினோம். தினேஷ் பெருந்தன்மையோடு தோல்வியை ஒப்புக்கொண்டு, அதிலிருந்த வேண்டாத குப்பையை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துடைத்து எடுத்தான். பறவையைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டு ஒத்திகைக்குக் கொடுத்தான், அது இன்றைக்கும் ஓடுகிறது. மாஸ்டர் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே முதலில் உங்கள் சத்தம் எது, அது எதில் திறக்கும், கெட்டுப்போனால் நம் ஊரில் யார் சரிசெய்வார்கள், இதைக் கேளுங்கள். பளபளப்பைப் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

ஒத்திகையில் புதுக் கம்ப்யூட்டர் தேனாக ஓடியது. வயலின் கூட்டம் எழுந்து வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. ரிசப்ஷன் விஜயதசமி மாலையில், மறுநாள் முகூர்த்தம்.

நான் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவள். குழுவின் ஆயுத பூஜையில் என் பங்கு பொரிகடலை தின்பதும் சுண்டலைக் குறை சொல்வதும்தான். பூஜை மாஸ்டருடையது. அந்த வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வந்த குஷியில், பழம் கிடைக்காத வருத்தத்தை எல்லாம் மறந்து, அதற்கு அவர் செய்த அலங்காரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூடியில் பட்டை பட்டையாகச் சந்தனம். ஒவ்வொரு மூலையிலும் குங்குமம். அதோடு விட்டாரா? பக்கவாட்டில் சூடு வெளியேற வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும் பாருங்கள், அதைப் பார்த்ததும் மனுஷருக்குப் பக்தி பொங்கிவிட்டது. எண்ணி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் ஒரு குங்குமம். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக யாரும் பொட்டு வைக்கமாட்டார்கள். அதன்பிறகு சாமந்தி மாலை, கற்பூரம், மூன்று சுற்று பூசணிக்காய்.

ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று நான் கையை நீட்டினேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். தச்சர் உளியைத் தொடமாட்டார், டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். "சரஸ்வதி படுத்துகினு இருக்கா. எழுப்பாதீங்க" என்றார். உறங்கட்டும் என்று நானும் சுண்டலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எடுத்தோம். மாலையைக் கழற்றி, திரையை மட்டும் துடைத்தோம். பொட்டுகளைத் தொட மாஸ்டர் விடவில்லை, கச்சேரி முடியும்வரை இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் இன்னொன்று. பட்டு நெய்கிற ஊராயிற்றே, எங்கள் ஆரணிக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் அடியில் பட்டு விரிக்க வேண்டும். மண்டபத்தில் அரக்குக் கலரில் ஜரிகை போட்ட பட்டுத் துண்டை நாலாக மடித்து மெத்தை மாதிரி போட்டு, அதன்மேல் கம்ப்யூட்டரை உட்காரவைத்தார்கள். ஆக, பக்கத்தில் சந்தனம், அடியில் பட்டு. மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு அந்தப் பிராணியை ஓடச் சொன்னோம்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டில், பவித்ரா மயில்கழுத்து நிறப் பட்டில். அவர்களுக்கான சோபா ஒரு பக்கம், எங்கள் குழு அதே மேடையில் இன்னொரு பக்கம். அவள் சோபாவிலிருந்து எழுந்து நாலு எட்டு வந்தால் மைக். தினேஷின் அம்மா முதல் வரிசையில் நடு நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

முதல் பாட்டு பிரமாதம். வயலின்கள் மண்டபக் கூரையைத் தூக்கிவிட்டன. ரஹீம் பாய் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தினேஷின் அம்மாவைப் பார்த்தேன். இன்னும் இறுக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டார். மாஸ்டரும் பார்த்தார். இன்னும் பிரம்மாண்டமாகப் போகலாம் என்று எனக்குச் சைகை காட்டினார். இரண்டாவது பாட்டில் நானும் என்னென்ன உண்டோ அத்தனையையும் திறந்துவிட்டேன். கம்ப்யூட்டரின் விசிறி உள்ளே உறுமத் தொடங்கியது. சந்தன வாசனை சூடாக வந்தது. எனக்கு ஏதோ கோயிலில் நிற்பதுபோல இருந்தது. சரணத்தின் நடுவில் திரை கறுத்தது. வயலின், தவில், நாதஸ்வரம் அத்தனையும் ஒரே நொடியில் போய்விட்டன.

பவித்ரா நிறுத்தவில்லை. அதுதான் அவள். ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் வலது பக்கத்தில் பழைய கீபோர்டு நின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிக்கிற புதுக் கீபோர்டு வந்ததும் அதை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், நான் பிடிவாதமாக மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் இல்லாமலே சத்தம் கொடுக்கும், தனி வயர். ரஹீம் பாயைப் பார்த்துத் தலையசைத்தேன். நான் அதில் விரல் வைப்பதற்கும் அவர் அந்த வயரைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே டோலக்கைத் தட்டினார். ஒரு குரல், ஒரு கீபோர்டு, ஒரு டோலக். திருவிழாக் கூட்டத்தில் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று காலி மைதானத்துக்கு வந்ததுபோல இருந்தது. ஆனால் பாட்டு அறுபடவில்லை. எந்தச் சிஸ்டம் வாங்கினாலும் பக்கத்தில் தானாகச் சத்தம் போடுகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், புல்லாங்குழலாக இருந்தாலும் சரி.

இதற்குள் மாப்பிள்ளை சோபாவிலிருந்து காணாமல் போயிருந்தான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டான். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து யாரோ பல்குத்தும் குச்சி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தை நோண்டிக்கொண்டிருந்தான். அவன் மடியெல்லாம் குங்குமம். ஐஸ்கிரீம் போடுகிற தம்பி, சூடு குறையப் பெட்டிக்குள் வைக்கட்டுமா என்று அக்கறையாகக் கேட்டான். தினேஷ் கும்பிட்டு அனுப்பினான். மேலே மொய்க் கவரோடு ஒரு குடும்பம் வந்து நின்று, பெண் பாடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மேசைக்கு அடியில் இருக்க, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தது. போட்டோக்காரர் தொழில் தர்மம் தவறாதவர். அவர்களைக் காலி சோபாவின் இரண்டு பக்கமும் நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விரல் மட்டும் எப்படியோ சரியான கட்டையில் போய்க்கொண்டிருந்தது.

மகனைக் காணோம் என்று தினேஷின் அம்மா மேடைக்கு ஏறிவந்தார். என் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். "இன்னாடா பண்ற கீழ?" என்றார்.

"பொட்டி நின்னுபோச்சும்மா. சத்தமே வரல, சரி பண்ணிகினு இருக்கேன்" என்றான் தினேஷ்.

அந்த அம்மா நிமிர்ந்தார். பவித்ராவைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். மறுபடி பவித்ராவைப் பார்த்தார். "அப்ப யார்டா பாடறது?" என்று கேட்டார்.

செல்லங்களே, அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த அம்மாவுக்கு மேடையும் பிரச்சினை இல்லை, பெண் பாடுவதும் பிரச்சினை இல்லை. பெட்டிதான் பாடுகிறது, இவள் வாயசைக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரை ஏமாற்றுகிற பெண் என்று நினைத்திருக்கிறார். நாங்களோ அவரை அசத்துவதற்காகப் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தோம்.

பாட்டு முடிந்தது. பவித்ரா நிற்காமல் அடுத்த பாட்டைத் தொடங்கினாள். எங்கள் வரிசையிலேயே பெரிய பாட்டு அதுதான், நடுவில் கோரஸ் வரும். தினேஷ் அடியிலிருந்து, "வந்துடுச்சிக்கா" என்று கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தான். திரை பளிச்சென்று எரிந்தது. எல்லாம் தயார். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வயலின், நாதஸ்வரம், கோரஸ் எல்லாம் வந்து கொட்டும். மாஸ்டர் எதிரிலிருந்து கண்ணாலும் புருவத்தாலும் அழுத்து, அழுத்து என்கிறார். இத்தனை செலவு, இத்தனை ஒத்திகை. என் விரல் பட்டன்மேல் இருக்கிறது.

கோரஸ் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அப்போது எங்களிடம் கோரஸ் பாட ஆள் கிடையாது. பவித்ராவையே நாலு முறை பாடவைத்துப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டிருந்தோம். அதாவது நான் அந்தப் பட்டனை அழுத்தினால், பவித்ரா வாயை மூடியிருக்கும்போது பவித்ராவின் குரல் ஸ்பீக்கரில் வரும்.

அதே நேரத்தில் தினேஷின் அம்மா என்ன செய்தார் தெரியுமா? சோபா பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். நேராகப் போய், பாடிக்கொண்டிருந்த மருமகளிடம் நீட்டினார். நடுப் பாட்டில். மாமியார் முதன்முதலாகத் தன் கையால் கொடுக்கிறார், மறுக்க முடியுமா? பவித்ரா வரியின் பாதியிலேயே நிறுத்தி, மைக்கைத் தாழ்த்தி, சொம்பை வாங்கிக் குடித்தாள். எங்கள் கைகளும் நின்றுவிட்டன, மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. தினேஷின் அம்மா தலையைச் சாய்த்து ஸ்பீக்கரைக் கவனித்தார். மாஸ்டர் துடித்துப் போய்விட்டார். வெறுமை தாங்காமல் கையையே தூக்கிக் காட்டினார், கோரஸைப் போடு என்று.

நான் கம்ப்யூட்டரின் மூடியைச் சாத்தினேன்.

என் வாழ்க்கையில் இசைக்காக நான் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான். விரலை எடுத்து ஒரு மூடியைச் சாத்தியது. பவித்ரா சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், விட்ட வார்த்தையிலிருந்து எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மா அவள் தொண்டைக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. பாட்டு முடிகிறவரை அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. மொய்க் கவரோடு நின்ற குடும்பம் கடைசியில் கவரை அவர் கையிலேயே திணித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

கச்சேரி முடிந்து நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சந்தவாசல் திருவிழாவில் எங்கள் கச்சேரியை யாருக்கும் சொல்லாமல் வந்து பார்த்திருக்கிறார். "இவ தண்ணி குடிச்சிகினு இருந்தா. பாட்டு அது பாட்டுக்கு ஓடிகினு இருந்துச்சி. அதான் எனக்கு மனசு விட்டுப்போச்சி. பொய் சொல்ற பொண்ணுன்னு எப்பிடி புள்ளைகிட்ட சொல்றது" என்றார்.

அது கோரஸ் என்று நான் சொன்னேன். அது வேறு யாரோ என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், மாஸ்டர் பின்னால் நின்று அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். எனக்கு அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அதுவும் பவித்ராவின் குரல்தான், முன்பே பாடி வைத்தது, ஆள் இல்லாத குறைக்குச் செய்தது என்று உள்ளதைச் சொன்னேன். பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. தினேஷ் குங்குமம் அப்பிய கோட்டோடு அசையாமல் நின்றான்.

அந்த அம்மா மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த தன் இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணுங்க ரெண்டும் வீட்ல சும்மாதான் கத்திகினு கெடக்குதுங்க. அதுங்கள பின்னால நிக்க வெச்சிக்கங்க. மருமக பாடட்டும், நாத்தனாருங்க கூட பாடட்டும். பொட்டி வாசிக்கலாம். ஆனா பாடக்கூடாது" என்றார்.

பவித்ரா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மாஸ்டர் மட்டும், அந்தப் பெண்கள் எந்தச் சுருதியில் கத்துவார்கள் என்று உடனே விசாரிக்கப் பந்திக்குப் போய்விட்டார்.